எத்தனை கை வரும்?

கோமளவல்லி ஒரே சமயத்தில் நாற்பத்து மூன்று பேரிடம் பேசிக்கொண்டிருந்தாள். அதே சமயத்தில் அடுக்களையில் நின்று வெண்டைக்காயும் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

நறுக்கியவள் நிஜக் கோமளா. பேசியவர்கள் அவளுடைய கடையின் இணையதளத்தில் குடியிருந்த மற்ற கோமளாக்கள். வாடிக்கையாளருக்கு ஒருத்தி வீதம். அவளுடைய முகம், அவளுடைய குரல், அவள் விரும்பிக் கட்டும் மாம்பழ நிறச் சுங்குடிப் புடவை. சிரிக்கும்போது இடது கையால் வாயை மறைக்கும் பழக்கம்கூட அப்படியே இருந்தது.

"அந்த நாப்பத்து மூணு பேரும் ஒரு நாளாவது எனக்கு வேலை சொல்றாங்களா? பால் வாங்கிட்டு வாங்க, கேஸ் பதிஞ்சீங்களான்னு கேக்குறது நீ ஒருத்திதான்" என்றான் அவள் கணவன் ராஜாங்கம்.

"அப்ப அவங்ககிட்டயே போய்ச் சோறு கேளுங்க" என்றாள் கோமளா, கத்தியை நிறுத்தாமல்.

மதுரை பழங்காநத்தத்தில் அவர்கள் வீட்டின் கீழ்த்தளம்தான் கடை. கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு என்று எந்த விசேஷத்துக்கும் சீர்வரிசைத் தட்டுகளை அலங்கரித்துக் கொடுப்பது தொழில். ஆப்பிளை அடுக்கிக் கோபுரம் கட்டுவாள். பட்டுப்புடவையை மயிலாக மடிப்பாள். வளையல்களை ஊஞ்சலாகத் தொங்கவிடுவாள். எல்லாவற்றையும் கண்ணாடித்தாளில் சுற்றி, ரிப்பன் முடிந்து, தாம்பாளங்களை வாடகைக்கு அனுப்புவாள். ராஜாங்கம் தன் வேனில் ஏற்றிக்கொண்டு போய் மண்டபத் தெருமுனையில் இறக்குவான். விசேஷம் முடிந்ததும் தாம்பாளங்கள் திரும்பி வந்துவிடும். கடையில் மொத்தம் இருநூற்றுத் தொண்ணூற்று மூன்று தாம்பாளங்கள் இருந்தன. ஒன்றுகூட நசுங்காதது பற்றி ராஜாங்கத்துக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

இணையதளத்துக்கு வாய் கொடுத்தது அவனுடைய தங்கை மகிழினி. மென்பொருள் கம்பெனியில் வேலை பார்ப்பவள். மூன்று மதியங்கள் அண்ணியைக் கேமரா முன்னால் உட்காரவைத்துப் பேசவிட்டாள். வாடிக்கையாளர் குழம்பினால் என்ன சொல்வீர்கள், பேரம் பேசினால் என்ன சொல்வீர்கள், அழுதால் என்ன செய்வீர்கள் என்றெல்லாம் கேட்டுப் பதிவு செய்தாள். அதிலிருந்து பிறந்ததுதான் 'மறுமுகம்'. யார் தளத்தைத் திறந்தாலும் கோமளா வந்து, "நான் கோமளா இல்லைங்க, அவங்களோட மறுமுகம்" என்று முதலில் சொல்லிவிடுவாள். சட்டப்படி அதைச் சொல்லியாக வேண்டும். அடுத்த வாக்கியத்திலேயே, "உங்க வீட்டுல என்ன விசேஷம்?" என்பாள். ஜனங்கள் முதல் வாக்கியத்தைக் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

கடைக்கு வருபவர்களிடம் தான் கேட்கிற கேள்விகள் என்று கோமளா பதினான்கை எழுதிக் கொடுத்திருந்தாள். மகிழினி அதில் நான்கை மட்டும் வைத்துக்கொண்டாள். கேள்வி கூடினால் ஆள் பாதியில் ஓடிவிடுவார்கள், தளத்துக்கு அதுதான் முதல் விதி என்றாள். மீதி இடத்தில் தன் கைச்சரக்காக ஒரு வரியைச் சேர்த்தாள். எத்தனை தட்டு வைக்கலாம் என்று யாராவது யோசித்தால் மறுமுகம் சிரித்துக்கொண்டே, "உங்க வட்டாரத்துல இந்த மாசம் அதிகபட்சம் இத்தனை தட்டு போயிருக்குங்க" என்று சொல்லும். அவ்வளவுதான். யாரையும் கட்டாயப்படுத்தாது.

அந்த ஒரு வரியில் வியாபாரம் இரட்டிப்பானது. ஆடி மாதத்தில் ஈ ஓட்டும் கடையில், ஆவணி முகூர்த்தங்களுக்கு இடம் பிடிக்க இப்போதே வரிசை நின்றது.

வாடிக்கையாளர்கள் மறுமுகத்திடம் தட்டைப் பற்றி மட்டும் பேசவில்லை. மாமியாரைப் பற்றி, விட்டுப்போன உறவைப் பற்றி, பெண்ணுக்கு இந்தச் சம்பந்தம் பிடித்திருக்கிறதா என்ற சந்தேகத்தைப் பற்றி எல்லாம் பேசினார்கள். அதனால் பேச்சுக்குப் பூட்டு போடப்பட்டிருந்தது. ஒரு மறுமுகத்திடம் சொன்னது இன்னொரு மறுமுகத்துக்குத் தெரியாது. கடைக்காரியாலும் திறந்து பார்க்க முடியாது. நாற்பத்து மூன்று கோமளாக்களுக்கும் பொதுவாக இருந்தவை இரண்டுதான்: கிட்டங்கியில் இருக்கும் தாம்பாளங்களின் எண்ணிக்கை, இதுவரை வந்த ஆர்டர்களின் எண்ணிக்கை.

வெண்டைக்காய் வதங்கிக்கொண்டிருந்தபோது கைபேசி ஒலித்தது. ஆவணி இரண்டாம் ஞாயிறு, இருப்பு பூஜ்யம். உசிலம்பட்டி வாடிக்கையாளர் இன்னும் இருபது தட்டு கேட்கிறார், என்ன சொல்லட்டும் என்று கேட்டிருந்தது மறுமுகம்.

கோமளாவுக்கு நம்ப முடியவில்லை. அவளுடைய பன்னிரண்டு வருட அனுபவத்தில் இருநூற்றுத் தொண்ணூற்று மூன்றும் ஒரே நாளில் வெளியே போனதில்லை. அடுப்பை அணைத்துவிட்டுக் கீழே போய்க் கணினியைத் திறந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்றே ஆர்டர்கள்தான். ஒச்சப்பன், நூற்று முப்பத்தொன்று. தவசி, நூற்று ஐம்பத்தொன்று. பேச்சி, பதினொன்று. மூன்றுக்கும் ஒரே மண்டபம். மூன்றும் காதுகுத்து. மூன்று இடத்திலும் குழந்தையின் பெயர் இசைவாணி.

ஒரே விசேஷத்தில் இரண்டு தரப்புக்குச் சீர் எடுப்பதில்லை என்பது அவள் தொழிலைத் தொடங்கிய நாளிலிருந்து வைத்திருந்த கட்டுப்பாடு. இரண்டு பக்கமும் அடுத்தவர் என்ன கொண்டுவருகிறார் என்று மோப்பம் பிடிப்பார்கள். ஒரு வார்த்தை தவறினால் மண்டப வாசலில் கைகலப்பு வரும். நேரில் என்றால் மண்டபத்தின் பெயரைக் கேட்டதுமே கண்டுபிடித்திருப்பாள். மூன்று கோமளாக்கள் மூன்று பூட்டிய அறைகளில் உட்கார்ந்து ஆர்டர் எடுத்திருந்தார்கள்.

மறுநாள் பேச்சி நேரிலேயே வந்தாள். தட்டுகளில் ஒட்டும் சீட்டுகளைச் சரிபார்க்க வந்ததாகச் சொன்னாள். முப்பது வயது இருக்கும். கலகலவென்று பேசினாள். பதினொரு தட்டிலும் 'தாய்மாமன் சீர்' என்று இருந்தால் போதும் என்றாள். மாமன் பெயர் என்ன போடுவது என்று கோமளா கேட்டாள்.

"பேரு வேணாம்க்கா. அந்த எடத்த சும்மா விட்டுருங்க."

"மாமன் பேரு இல்லாம சீட்டு ஒட்டுனா நல்லாருக்காதேம்மா."

பேச்சி வளையல் பெட்டியை எடுத்துப் பார்த்தாள், வைத்தாள். பிறகு சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவளுக்கு அண்ணன் தம்பி என்று இருவர். ஆறு வருடத்துக்கு முன் அவள் வீட்டுப் பால்காய்ப்புக்கு ஃப்ளெக்ஸ் அடித்தபோது அண்ணன் ஒச்சப்பன் படம் ஆள் உயரத்துக்கும், தம்பி தவசி படம் ஸ்டாம்ப் அளவுக்கும் வந்துவிட்டது. அடித்தவன் செய்த தவறு. தம்பி அண்ணனைக் கேட்டான். அண்ணன், "உன் மூஞ்சிக்கு அது போதும்" என்று விளையாட்டாகச் சொன்னார். அன்றோடு பேச்சு நின்றது. அண்ணன் வருகிற இடத்துக்குத் தம்பி வருவதில்லை. தம்பி இருக்கிற தெருவில் அண்ணன் வண்டியைத் திருப்புவதில்லை. இருவருக்கும் பத்திரிகை வைத்தாயிற்று. இருவரும் "பாப்போம்" என்றுதான் சொன்னார்கள்.

"ரெண்டு பேருமே வரலைன்னா, ஆசாரி ஊசிய வெச்சுக்கிட்டு 'மாமன் எங்க'ன்னு கேப்பாரு. எம் புள்ளைய யாரு மடியிலக்கா உக்கார வெப்பேன்? அதான் நானே சீர் வெச்சுக்கிறேன். மாமன் வெளியூர்ல மாட்டிக்கிட்டான், சீர மட்டும் அனுப்பிட்டான்னு எம் மாமியாருகிட்ட சொல்லிக்கிறலாம்."

கோமளாவுக்கு நாக்கு நுனி வரை வந்தது. உன் அண்ணனும் வருகிறார், தம்பியும் வருகிறான், அதுவும் ஊரே வாயைப் பிளக்கும் அளவுக்கு வருகிறார்கள் என்று. சொல்லவில்லை. சீர் மண்டபம் போய்ச் சேரும் வரை யாருடையது எத்தனை என்பது கடையைத் தாண்டாது என்று மூன்று பேருக்கும் அவளுடைய குரல்தான் வாக்குக் கொடுத்திருந்தது. பேச்சிக்குச் சொன்னால் இவள் சந்தோஷத்தில் இருவரிடமும் ஓடுவாள். அவன் வருகிறானா, அப்படியானால் நான் வரவில்லை என்று இருவரும் கவிழ்த்துவிடுவார்கள். சொல்லாவிட்டால் வாசலில் நூற்று முப்பத்தொன்றும் நூற்று ஐம்பத்தொன்றும் மோதும். பேச்சி கொண்டுவந்திருந்த கொய்யாப்பழத்தை வாங்கி வைத்துக்கொண்டு, "நல்லபடியா நடக்கும்மா" என்று மட்டும் சொன்னாள்.

அன்று மாலை மகிழினி வந்து ஆர்டர்கள் மாறிய வரிசையை எடுத்துக் காட்டினாள். பேச்சைப் பார்க்க முடியாது, எண்களைப் பார்க்கலாம்.

"முதல்ல பேச்சி, பதினொண்ணு. ரெண்டு நாள் கழிச்சு ஒச்சப்பன் வந்திருக்காரு. வட்டாரத்துல அதிகபட்சம் பதினொண்ணுன்னு மறுமுகம் சொல்லிருக்கும். அவரு இருபத்தொண்ணு போட்டிருக்காரு. அடுத்து தவசி. அதிகபட்சம் இருபத்தொண்ணுன்னு கேட்டதும் முப்பத்தொண்ணு. இவரு திரும்ப வந்து ஐம்பத்தொண்ணு. அவரு எழுபத்தொண்ணு. தெனமும் வந்து பாத்திருக்காங்க அண்ணி."

சீர் என்றால் ஒற்றைப்படையில்தான் வைப்பார்கள். இரட்டைப்படைத் தட்டை யாரும் தொடமாட்டார்கள். ஆகவே ஏணியின் படிகளும் ஒற்றைப்படையாகவே ஏறியிருந்தன.

"ஆக, தங்கச்சி தனக்குத்தானே வெச்ச சீரப் பாத்து அண்ணன் ஏறிருக்காரு. அண்ணன யாரோன்னு நெனச்சு தம்பி ஏறிருக்கான். யார்கூட போட்டி போடுறோம்னு ரெண்டு பேருக்கும் தெரியாது" என்றாள் கோமளா.

"சூப்பர்ல? தளம் ஒரு பொய்கூட சொல்லல அண்ணி" என்ற மகிழினி, அண்ணியின் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

ராஜாங்கம் தன் பங்குக்கு யோசனைகள் சொன்னான். ஒரு வேனை வழியில் பஞ்சராக்கிவிடலாம். இல்லாவிட்டால் ஒருவருக்குக் காலையிலும் இன்னொருவருக்கு மாலையிலும் கொண்டுபோய் இறக்கலாம். "தெருநாய விரட்டிட்டு வர்ற ஆளுக்கு வர்ற யோசனதான் உங்களுக்கும் வரும்" என்றாள் மகிழினி. அண்ணனும் தங்கையும் சண்டை போட்டுக்கொண்டிருக்க, கோமளா கைபேசியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.

முதலில் தவசியை அழைத்தாள். தட்டு எப்போது வேண்டும், எந்தத் தெருமுனையில் இறக்க வேண்டும் என்று பொதுவாகக் கேட்டாள். அவன் உற்சாகமாக இருந்தான். ஆறு வருடத்தில் அக்கா வீட்டுக்குத் தான் ஒன்றும் செய்ததில்லை, இந்தத் தடவை உசிலம்பட்டியே பார்க்கட்டும் என்றான். பேச்சுவாக்கில், மினி லாரியை விற்கப்போவதாகவும், ஆள் வந்து பார்த்துவிட்டுப் போயிருப்பதாகவும் சொன்னான். அந்த லாரிதான் அவனுடைய பிழைப்பு. அதை விற்பது இந்தச் சீருக்காகத்தான் என்று கோமளாவுக்குப் புரிந்தது.

அடுத்து ஒச்சப்பன். மல்லிகைத் தோட்டக்காரர். அழைப்பை எடுத்ததும், "சொல்லு தாயி, நேத்து விட்ட எடத்துலருந்தே சொல்றேன்" என்று ஆரம்பித்தார். தம்பிக்கு ஏழு வயதில் மஞ்சள்காமாலை வந்தது, தோளில் தூக்கிக்கொண்டு மருந்து கொடுக்கும் ஊருக்கு நடந்தது என்று ஏதோ ஒரு கதையின் நடுவில் இருந்தார். அதன் முன்பாதி அவளுக்குத் தெரியாது. அவளுடைய முகத்திடம் அவர் சொல்லியிருக்கிறார். அவளுடைய குரல் ஆறுதலும் சொல்லியிருக்கும். தன் பெயருக்கு வந்த அன்பைத் தான் திருடிக்கொள்வதுபோல் அவளுக்குக் கூச்சமாக இருந்தது. 'ம்' கொட்டினாள். கதை ஒரு மூச்சு நின்றபோது, கடைக்கு வருகிறவர்களிடம் கேட்டுக் கேட்டுப் பழகிப்போன கேள்வி தானாக வாயில் வந்துவிட்டது.

"எத்தனை கை வரும்ணே?"

"என்ன கையி?"

"தட்டத் தூக்க. தெருமுனையில எறக்கி வெச்சா, மேளத்தோட மண்டபம் வரைக்கும் ஆளுக்கு ஒண்ணாத் தூக்கிட்டு வரணும்ல. நூத்தி முப்பத்தொண்ணுக்கு எத்தனை கை வரும்?"

வீட்டில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லி ஒச்சப்பன் வைத்துவிட்டார்.

கோமளா படியிறங்கி வந்து, தான் எழுதிக் கொடுத்த பதினான்கு கேள்விகளின் தாளைக் கேட்டாள். முதல் கேள்வியே அதுதான். தட்டு எண்ணிக்கையைப் பற்றி யாரும் வாயைத் திறக்கும் முன் அவள் கேட்பது. வீட்டில் எத்தனை சொந்தம், எத்தனை பேர் தட்டுத் தூக்க வருவார்கள் என்று தெரிந்த பிறகுதான் எத்தனை தட்டு என்ற பேச்சே எழும். மகிழினி அதைத்தான் முதலில் அடித்து நீக்கியிருந்தாள்.

"தூக்குறது அவங்க வேலை, நம்ம சேவையில வராதுன்னு நெனச்சேன் அண்ணி."

"தட்டுக்குக் கண்ணாடித்தாள் சுத்துறதுக்கு முந்தி, அதத் தூக்க ஆள் சேரணும் மகி. அந்த வட்டார வரிய எடுத்துடு. இந்தக் கேள்விய முதல்ல போடு. புதுசா வர்றவங்களுக்கு மட்டுமில்ல, ஏற்கெனவே ஆர்டர் குடுத்த எல்லாருக்கும்."

மகிழினி வாதாடினாள். அந்த ஒரு வரிதான் கூட்டத்தைக் கொண்டுவருகிறது, ஆவணி முழுக்க நிரம்பியிருப்பதே அதனால்தான், இப்போது கேள்வி கேட்டால் எல்லோரும் குறைப்பார்கள் என்றாள். குறைக்கட்டும் என்றாள் கோமளா. இதைச் சொல்லும்போது அவளுக்கும் உள்ளே கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. கடைக்கு மாடியில் இன்னொரு கிட்டங்கி கட்டலாம் என்று அந்த வாரம்தான் ராஜாங்கமும் அவளும் அளந்து பார்த்திருந்தார்கள்.

மறுநாள் காலை எல்லாக் கோமளாக்களும் எல்லா வாடிக்கையாளர்களையும் கேட்டார்கள். எத்தனை கை வரும்?

மகிழினி சொன்னதுபோலவே நடந்தது. மேலூர் கல்யாணம் எழுபத்தொன்றிலிருந்து முப்பத்தொன்றுக்கு இறங்கியது. திருமங்கலம் வளைகாப்பு பதினொன்றில் நின்றது. இருவர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனார்கள். ராஜாங்கம் அளவுநாடாவைச் சுருட்டிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, மாடியில் கிட்டங்கிக்குப் பதிலாகத் தக்காளிச் செடி வைக்கலாம் என்றான். வைத்தும்விட்டான்.

உசிலம்பட்டியிலிருந்து மூன்று நாள் ஒரு பதிலும் இல்லை. கோமளா கணினிப் பக்கம் போவதும் வருவதுமாக இருந்தாள். மறுமுகத்திடம் அவர்கள் ஏதாவது பேசியிருப்பார்கள். கேட்கவும் முடியாது, பார்க்கவும் முடியாது. தன்னுடைய வாயிலிருந்து தனக்கே செய்தி வராமல் தவிப்பது புது அனுபவமாக இருந்தது.

நான்காம் நாள் மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கைபேசி ஒலித்தது. ஒச்சப்பன், ஆர்டர் மாற்றம்: இருபத்தொன்று. ரசத்தை ஊற்றிக்கொண்டு மேலே பார்த்தால் இன்னொன்று. தவசி, ஆர்டர் மாற்றம்: இருபது. கீழே மறுமுகத்தின் குறிப்பு ஒன்றும் இருந்தது. 'இரட்டைப்படை. தவறுதலாக இருக்குமோ என்று வாடிக்கையாளரிடம் கேட்டேன். சரியாகத்தான் இருக்கிறது என்கிறார்.'

கோமளா சோற்றுக் கையோடு எழுந்துவிட்டாள்.

"என்ன, இருக்கிற ஆர்டரும் போச்சா?" என்றான் ராஜாங்கம்.

"இருபதுங்க. இரட்டைப்படையில எவனாவது சீர் வெப்பானா? அண்ணனோட இருபத்தொண்ணையும் சேத்துப் பாருங்க. நாப்பத்தொண்ணு. ரெண்டு பேரும் ஒக்காந்து பிரிச்சிருக்காங்க. அண்ணனுக்கு ஒண்ணு கூட விட்டுக் குடுத்திருக்கான்."

சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. ராஜாங்கம் அவள் தட்டில் இருந்த அப்பளத்தை எடுத்துக் கடித்துக்கொண்டு, "அப்ப பஞ்சர் யோசனைய விட்டுடலாம்" என்றான்.

ஆவணி இரண்டாம் ஞாயிறு காலை, கோமளாவும் வேனில் ஏறிக்கொண்டாள். வழக்கமாக அவள் போவதில்லை. பேச்சியின் பதினொரு தட்டுகளும் வண்டியில் இருந்தன. பேச்சி அவற்றை ரத்து செய்யவில்லை. அவளைப் பொறுத்தவரை இன்னும் "பாப்போம்" என்ற சொல்தான் கையில் இருந்தது. அவற்றை ராஜாங்கம் முதலில் மண்டபத்தின் பின்கட்டு அறையில் சத்தமில்லாமல் இறக்கி வைத்தான்.

பிறகு தெருமுனை. மேளம் சூடுபிடித்துக்கொண்டிருந்தது. நாற்பத்தொரு பெண்கள் ஒரே வரிசையில் நின்றார்கள். முன்னால் வெள்ளை வேட்டியில் உயரமான ஒருவரும் குட்டையான ஒருவரும் நின்றார்கள். இருவருக்கும் ஒரே மூக்கு. வரிசை நகர்ந்து மண்டப வாசலைத் தொட்டபோது, ஆரத்தித் தட்டோடு வெளியே வந்த பேச்சி அப்படியே நின்றுவிட்டாள். மாமியார் அவள் கையிலிருந்து தட்டைப் பிடுங்கித் தானே ஆரத்தி எடுக்க வேண்டியிருந்தது. பேச்சி அண்ணன் சட்டையில் முகத்தைப் புதைத்து, ஒரு கையால் தம்பியின் முதுகில் விடாமல் அடித்துக்கொண்டிருந்தாள். அவன் வாங்கிக்கொண்டு நின்றான்.

காதுகுத்தில் யார் மடி என்ற கேள்வி வந்தது. இசைவாணி இரண்டு மாமன்களையும் மேலும் கீழும் பார்த்தாள். ஒரு காதுக்கு ஒரு மாமன் என்று அவளே தீர்ப்புச் சொன்னாள். முதல் காதுக்கு ஒச்சப்பன் மடியில் அழுதாள். இரண்டாவதுக்குத் தவசி மடிக்கு வருவதற்குள் மண்டபம் முழுக்க இரண்டு சுற்று ஓடினாள். மினி லாரி ஓட்டுகிறவனுக்குத்தான் அவளைப் பிடிக்கத் தெரிந்திருந்தது.

பந்தி நடந்துகொண்டிருந்தபோது ஒச்சப்பன் கோமளாவைத் தேடிக்கொண்டு வந்தார். நடந்ததைச் சொன்னார். கை கேட்ட அன்றே அவருடைய மனைவி, தட்டுத் தூக்கச் சொந்தக்காரப் பெண்கள் பெயரை எழுத உட்கார்ந்தாராம். எவ்வளவு முக்கியும் நாற்பத்தொன்றுதான் தேறியது. அடுத்த தெருவில் தவசியின் மனைவியும் எழுதினாள். அவளுக்கும் நாற்பத்தொன்று. ஓரகத்திகள் இருவரும் குழாயடியில் சந்தித்தபோது தாளைத் தாளோடு வைத்துப் பார்த்தார்கள். அதே பெயர்கள். அந்தப் பெண்களையே கேட்டபோது, எங்களுக்கு இருப்பது இரண்டு கைதான், யார் வாசலில் நிற்கச் சொல்கிறீர்கள் என்று கேட்டார்களாம்.

"எங்க ரெண்டு பேரையும் ஒண்ணா ஒக்கார வெச்சு, ரெண்டு தாளையும் முன்னால போட்டு, வேணும்னா நீங்களே ஆளுக்கு நூத்தம்பது தட்ட தலையில தூக்கிட்டுப் போங்கன்னுட்டாளுக. ஒரு மணி நேரம் தாளையே பாத்துக்கிட்டு ஒக்காந்துருந்தோம் தாயி. அப்புறம் அவன்தான் வாயத் தொறந்தான். 'எனக்கு இருபது போதும்ணே'ன்னான். ஆறு வருசம் கழிச்சு மொத வார்த்த அதான்."

கோமளா தயங்கினாள். பிறகு சொல்லிவிட்டாள்.

"அண்ணே, நீங்க எங்க தளத்துல பேசுனது எதுவும் எனக்குத் தெரியாது. அது பூட்டுப் போட்டது. நான்னு நெனச்சு என்னென்னமோ சொல்லிருப்பீங்க. மனசுக்கு உறுத்தலா இருந்துச்சு."

"நீ இல்லைன்னு தெரியும் தாயி. மொத வார்த்தையே அதானே சொல்லுது அந்தப் புள்ள. வெளிய போகாதுங்கிறதுக்காகத்தான் சொன்னேன்."

"அப்ப நான் போன்ல பேசுனப்ப?"

ஒச்சப்பன் சிரித்தார்.

"எடுத்ததும் அதுன்னுதான் நெனச்சேன். நீ கையக் கேட்டதும் ஆளு வேறன்னு தெரிஞ்சுபோச்சு. அதுக்கு முந்தி அந்தப் புள்ள எம் மனசு கோணுற மாதிரி ஒரு கேள்வி கேட்டதில்ல."

கைகழுவ வேண்டும் என்று சொல்லிவிட்டு அவர் பின்கட்டுப் பக்கம் போனார். கோமளாவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. பேச்சியின் தட்டுகள் அங்கேதான் இருந்தன. வேகமாகப் பின்னால் போனாள். தாமதமாகிவிட்டது.

ஒச்சப்பன் அறை நடுவில் நின்றுகொண்டிருந்தார். பதினொரு தட்டுகள். ஒவ்வொன்றிலும் 'தாய்மாமன் சீர்' என்ற சீட்டு. பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. அவர் ஒரு சீட்டைப் படித்தார். அடுத்ததைப் படித்தார். பதினொன்றையும் படித்து முடித்தார். யார் வைத்தது, எதற்கு வைத்தது என்று அவர் கோமளாவைக் கேட்கவில்லை. வாசலுக்கு வந்து, "தவசி, இங்க வா" என்று மட்டும் கூப்பிட்டார்.

தம்பி வந்து பார்த்தான். அவனுக்கும் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இருவரும் குனிந்து, கண்ணாடித்தாள் கிழியாமல், சீட்டுகளை ஒவ்வொன்றாக உரிக்கத் தொடங்கினார்கள். அண்ணன் உரித்துக் கொடுக்கக் கொடுக்கத் தம்பி அவற்றை மடித்துத் தன் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான். கோமளாவும் ஒரு தட்டின் பக்கத்தில் உட்கார்ந்து, தன் கையால் ஒட்டிய கடைசிச் சீட்டை உரித்து நீட்டினாள்.

வெளியே கொலுசுச் சத்தம் கேட்டது. பேச்சி மூச்சிரைக்க வந்து கதவில் நின்றாள். சீட்டில்லாத தட்டுகளைப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள். முகம் வெளுத்தது.

"இங்க என்னண்ணே பண்ணுறீங்க?"

"ஒண்ணுமில்ல தாயி" என்றார் ஒச்சப்பன், வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தபடி. "பந்தியில எடமில்ல. பசிக்குது. இதுல மைசூர்பாகு எந்தத் தட்டுல இருக்கு?"

தவசி நகர்ந்து அவளுக்கு இடம் விட்டான். அவள் இருவருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்து, மூன்றாவது தட்டை இழுத்து, ரிப்பனை அவிழ்த்தாள்.